இதயச் செயலிழப்பை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படியேறினால் மூச்சு வாங்குகிறது. சாயங்காலமானால் கால் வீங்குகிறது. எக்கோவில் (இதயத்தை ஒலி அலைகளால் பார்க்கும் ஸ்கேன்) "பம்பிங் நார்மல்" என்று வந்துவிட்டது, ஆனாலும் டாக்டர் இன்னொரு இரத்தப் பரிசோதனை எழுதித் தருகிறார். ஏன்? ஒற்றை எண்ணை வைத்து இந்த நோயை உண்டென்றும் சொல்ல முடியாது, இல்லையென்றும் சொல்ல முடியாது. நோயாளி சொல்லும் தொந்தரவு, டாக்டர் பார்க்கும் அடையாளம், பரிசோதனை தரும் சான்று மூன்றும் ஒத்துப்போக வேண்டும். இங்குள்ள கேள்விகள் பெரும்பாலும் அந்த மூன்றில் ஏதோ ஒன்று ஒத்துப்போகாத இடத்திலிருந்து வருபவை.

இதயச் செயலிழப்பு என்றால் இதயம் நின்றுவிடப் போகிறதா? மாரடைப்பும் இதுவும் ஒன்றுதானா?

இரண்டும் இல்லை. மாரடைப்பில் இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுகிறது. நிமிடக் கணக்கில் நடக்கும் விபத்து அது. இதயம் திடீரென நின்றுபோவது வேறு. இதயச் செயலிழப்பில் இதயம் துடித்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் உடலுக்கு வேண்டிய அளவு இரத்தத்தை அனுப்ப முடியவில்லை, அல்லது உள்ளே அழுத்தத்தை ஏற்றிக்கொண்டால்தான் அனுப்ப முடிகிறது. அந்தக் கூடுதல் அழுத்தம் பின்னோக்கிப் போகிறது. இடப்பக்கம் என்றால் நுரையீரலில் நீர் கோர்த்து மூச்சு வாங்கும். வலப்பக்கம் என்றால் கால், வயிறு, கல்லீரல் வீங்கும். பெரும்பாலோருக்கு நாளடைவில் இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

மாரடைப்பு வந்தவர்களுக்குப் பின்னாளில் இதயச் செயலிழப்பு வருவது சகஜம். ஆனால் மாரடைப்பே வராமல், பல வருட இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், வால்வு கோளாறு, வைரஸ் தொற்று, மதுப்பழக்கம், பரம்பரைத் தசை நோய், சில புற்றுநோய் மருந்துகள் ஆகியவற்றாலும் வரும். "எனக்கு நெஞ்சு வலியே வந்ததில்லை" என்பது இதை விலக்கும் காரணம் ஆகாது.

மூச்சு வாங்குவது யாருக்கும் வருவதுதானே? இதயத்தால் வருகிறது என்று எப்படிச் சந்தேகிப்பது?

நடக்கும்போது மூச்சு வாங்குவதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. உடல் எடை, இரத்தசோகை, நுரையீரல் நோய், பழக்கமின்மை எல்லாவற்றிலும் அது வரும். படுக்கும்போதும் குனியும்போதும் மூச்சு என்ன ஆகிறது என்பதுதான் அதிகம் காட்டிக்கொடுக்கும்.

மல்லாந்து படுத்த சில நிமிடங்களுக்குள் மூச்சு முட்டி, தலையணையைக் கூட்ட வேண்டியிருக்கிறதா? ஒரு தலையணையில் படுத்தவர் ஆறு மாதத்தில் மூன்றுக்கு வந்திருந்தால், அல்லது சாய்வு நாற்காலியிலேயே தூங்கப் பழகியிருந்தால், அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். படுத்ததும் கால்களில் தேங்கிய இரத்தம் மார்புக்குத் திரும்புகிறது. சோர்ந்த இதயத்தால் அந்தக் கூடுதல் வரவைச் சமாளிக்க முடிவதில்லை. கழுத்து வலிக்காகவோ நெஞ்செரிச்சலுக்காகவோ தலையணை கூட்டுபவர்களும் உண்டு. எதற்காக என்பதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, தூங்கி ஓரிரண்டு மணி நேரத்தில் மூச்சுத் திணறி எழுவது. இவர்கள் ஜன்னலைத் தேடிப் போவார்கள், கட்டில் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்காருவார்கள். எழுந்து உட்கார்ந்தாலும் உடனே அடங்காது. அடங்கப் பத்து, இருபது நிமிடம்கூட ஆகலாம். இது தலையணைக் கணக்கைவிட வலுவான தடயம்.

மூன்றாவது, செருப்பு வார் போடக் குனிந்தால் 30 விநாடிக்குள் மூச்சு வாங்குவது. தொப்பை பெரிதாக இருப்பவர்களுக்கும் வரும் என்பதால் தனியாக இதற்கு எடை குறைவு.

இவற்றோடு பார்க்க வேண்டியது மாற்றம். போன வருடம் நிற்காமல் ஏறிய மாடியை இப்போது பாதியில் நின்று ஏறுகிறீர்கள் என்றால், அதற்கு வயதைக் காரணம் சொல்லிவிடாதீர்கள். பலர் தொந்தரவைக் குறைப்பதற்குப் பதிலாக வேலையைக் குறைத்துக்கொள்வார்கள். மாடிக்குப் போவதையே நிறுத்திவிட்டு, "இப்போ மூச்சு வாங்குறதில்லை" என்பார்கள். கூட இருப்பவரிடம் கேட்டால்தான் உண்மை வரும்.

கால் வீக்கம் இருந்தாலே இதயம்தானா?

இல்லை. வீக்கத்தைப் பார்க்கும் முறையிலிருந்து தொடங்கலாம். கணுக்காலுக்கு மேலே, முழங்கால் முன்னெலும்பின் மீது கட்டை விரலால் ஐந்து விநாடியாவது அழுத்தி எடுங்கள். குழி விழுந்து மெதுவாக மேலே வந்தால் நீர் வீக்கம். சதைப்பற்றான இடத்தில் அழுத்தினால் சரியாகத் தெரியாது, எலும்புக்கு மேல்தான் அழுத்த வேண்டும். நாளெல்லாம் படுக்கையிலேயே இருப்பவருக்கு நீர் காலில் தேங்காது, இடுப்புக்குப் பின்புறம் தேங்கும். அங்கே அழுத்திப் பார்க்காமல் "வீக்கம் இல்லை" என்று எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. கண்ணுக்கு வீக்கம் தெரிவதற்குள் பல லிட்டர் நீர் உடலில் சேர்ந்திருக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இதயத்தால் வரும் வீக்கம் பொதுவாக இரண்டு காலிலும் இருக்கும், சாயங்காலம் கூடும், காலையில் குறையும். ஒரு காலில் மட்டும், அதுவும் வலியோடு, திடீரென வந்தால் முதலில் நினைக்க வேண்டியது காலின் ஆழ்சிரையில் இரத்தக்கட்டி. அது வேறு அவசரம்; அன்றைக்கே பார்க்க வேண்டும். காலையில் கண்ணைச் சுற்றி வீங்கி, சிறுநீர் நுரைத்தால் சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும். காலைவிட வயிறு முந்திக்கொண்டு வீங்கி, கண் மஞ்சளாக இருந்தால் கல்லீரல். கணுக்கால் தோல் கறுத்து, சிரைகள் சுருண்டு புடைத்திருந்தால் சிரைகளின் வால்வுக் கோளாறு.

மாத்திரைகளையும் மறக்கக் கூடாது. இரத்த அழுத்தத்துக்குத் தரும் அம்லோடிபின் பலருக்குக் கணுக்காலை வீங்க வைக்கும், அளவு கூடக் கூட வீக்கமும் கூடும். இது நுண்தமனிகள் விரிவதால் வரும் கசிவு. உடலில் நீர் கூடியதால் அல்ல. அதனால் நீர் மாத்திரைக்கு அவ்வளவாகக் கேட்காது. ஆனாலும் அந்த வீக்கத்துக்கு நீர் மாத்திரை, அதனால் பொட்டாசியம் குறைந்ததற்கு இன்னொரு மாத்திரை என்று சங்கிலி நீளுவதைப் பார்க்கலாம். சர்க்கரைக்கான பியோகிளிட்டசோன், ஸ்டீராய்டு, டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் உண்மையிலேயே உடலில் நீரைத் தேக்கும். மறைந்திருந்த இதயச் செயலிழப்பை வெளியே கொண்டுவரவும் செய்யும். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். பட்டியலை டாக்டரிடம் காட்டுங்கள்.

மூச்சும் காலும் தவிர வேறு என்ன தெரியும்?

இரவில் இரண்டு, மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுவது. படுத்தால் வரும் வறட்டு இருமல். இரண்டு கவளம் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுவது, குமட்டல், வலப்பக்க விலாவுக்குக் கீழே கனம். கடைசி மூன்றையும் குடல் தொந்தரவு என்று நினைத்து மாதக்கணக்கில் அல்சர் மாத்திரை சாப்பிட்டவர்கள் உண்டு. உண்மையில் வீங்கிய கல்லீரலும் நீர் கோர்த்த குடலும்தான் காரணம். முதியவர்களிடம் இவை எதுவுமே சரியாகத் தெரியாமல் குழப்பம், சோர்வு, சாப்பாட்டில் விருப்பமின்மை மட்டும் இருக்கலாம்.

தினமும் எடை பார்க்கச் சொல்கிறார்கள். எடைக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்?

1 லிட்டர் நீர் 1 கிலோ. கொழுப்பு மூன்று நாளில் 2 கிலோ ஏறாது, நீர் ஏறும். காலையில் எழுந்து, சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடுவதற்கு முன், ஒரே தராசில், ஏறத்தாழ ஒரே அளவு உடையில் பார்த்து எழுதி வையுங்கள். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் மூச்சு நன்றாக இருந்தாலும் தெரிவிக்க வேண்டும். தராசைக் கம்பளத்தின் மீது வைத்தால் எண் தவறும். கெட்டியான தரையில் வையுங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நாள்பட்ட நோயில் பசி குறைந்து தசை கரையும். தசை 2 கிலோ இறங்கி நீர் 2 கிலோ ஏறினால் தராசு அசையாது. கால் வீக்கம் கூடியும் எடை அப்படியே இருந்தால் எடையை நம்பாதீர்கள், காலை நம்புங்கள்.

எப்போது காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்?

உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டுவது, ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் திணறுவது, நுரை நுரையாக இளஞ்சிவப்புச் சளி, நெஞ்சு வலி, மயக்கம், உதடு நீலம் பாய்வது, கைகால் சில்லிட்டுப் புத்தி தடுமாறுவது, ஆக்சிஜன் அளவு 90 சதவீதத்துக்குக் கீழே போவது. இவற்றில் ஒன்று போதும். ஆம்புலன்ஸ் வரும்வரை நோயாளியைப் படுக்க வைக்காதீர்கள். நிமிர்ந்து உட்கார வைத்துக் காலைத் தொங்கவிடுங்கள். மயங்கிவிட்டவருக்கு இது பொருந்தாது.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 97 காட்டுகிறது, அதனால் பிரச்சினை இல்லை என்று நினைக்க வேண்டாம். நாள்பட்ட இதயச் செயலிழப்பில் ஓய்வாக இருக்கும்போது அந்த எண் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். குறைந்தால் அது செய்தி. குறையாவிட்டால் ஆறுதலுக்கு இடமில்லை.

டாக்டர் ஸ்டெத்தை வைப்பதற்கு முன் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாரே, ஏன்?

கழுத்துச் சிரை, வலது மேலறையின் அழுத்தத்தை அப்படியே காட்டும். நோயாளியை 45 டிகிரி சாய்த்து, தலையைச் சற்று இடப்புறம் திருப்பி, வலப்பக்கக் கழுத்தில் துடிப்பு எந்த உயரத்தில் முடிகிறது என்று பார்ப்பார்கள். மார்பெலும்பின் மேற்பகுதியில் கைக்குத் தட்டுப்படும் மேட்டிலிருந்து செங்குத்தாக 3 செ.மீ.க்கு மேல் இருந்தால் அழுத்தம் கூடுதல். அந்த மேட்டுக்கும் மேலறைக்கும் இடையே சுமார் 5 செ.மீ. இருக்கும் என்று வைத்துக் கூட்டினால் 8 செ.மீ. நீர் அழுத்தம் ஆகிறது.

எல்லை மங்கலாக இருந்தால் வயிற்றைப் பத்து விநாடிக்கு மேல் நிதானமாக அழுத்துவார்கள். கழுத்துத் துடிப்பு மேலே ஏறி, அழுத்தும்வரை இறங்காமல் நின்றால் வலது இதயம் திணறுகிறது என்று பொருள். அந்த நேரத்தில் மூச்சைப் பிடிக்காதீர்கள். பிடித்தால் ஆரோக்கியமானவருக்கும் சிரை புடைக்கும்.

பிறகுதான் ஸ்டெத். நுரையீரலின் அடிப்பகுதியில் நொறுநொறுவென்ற சத்தம், இதயத்தில் மூன்றாவது ஒலி, வால்வு முணுமுணுப்பு ஆகியவற்றைத் தேடுவார்கள். நாள்பட்ட நோயாளிக்கு நுரையீரலில் சத்தமே கேட்காமல் போகலாம். அழுத்தம் மெதுவாக ஏறும்போது நிணநீர்க் குழாய்கள் பெருத்து நீரை வடித்துவிடுகின்றன. "நெஞ்சு சுத்தமாக இருக்கிறது" என்பதை மட்டும் வைத்து விட்டுவிடக் கூடாது.

இதயச் செயலிழப்பைக் கண்டறிய 1971-இல் வெளியான ஃப்ரேமிங்ஹாம் அளவுகோலில் இதற்கு ஒரு நல்ல பாடம் இருக்கிறது. தூக்கத்தில் மூச்சுத் திணறி எழுவது, கழுத்துச் சிரைப் புடைப்பு, நுரையீரல் நொறுநொறுப்பு, மூன்றாவது இதய ஒலி, எக்ஸ்ரேயில் பெருத்த இதயம் ஆகியவை அதில் முதன்மை அடையாளங்கள். கணுக்கால் வீக்கமும் நடந்தால் மூச்சு வாங்குவதும் துணை அடையாளங்கள். இரண்டு முதன்மை, அல்லது ஒரு முதன்மையோடு இரண்டு துணை வேண்டும். மக்கள் அதிகம் பயப்படும் இரண்டு தொந்தரவுகள் சேர்ந்தாலும் அந்தக் கணக்கில் நோய் உறுதியாகாது.

பிஎன்பி பரிசோதனை எழுதியிருக்கிறார்கள். என் எண் 600. பயப்பட வேண்டுமா?

முதலில் அது பிஎன்பியா, என்டி-ப்ரோபிஎன்பியா என்று ரிப்போர்ட்டில் பாருங்கள். இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வருபவை, எண்கள் வேறு. இதய அறைச் சுவர் இழுபடும்போது தசை வெளியிடும் ஒரு புரதம் உடைந்து இவ்விரண்டும் உண்டாகின்றன. 1988-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பன்றி மூளையில் பிஎன்பியை முதலில் கண்டெடுத்தார்கள். அதனால் பெயரில் இன்னும் மூளை ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெருமளவு சுரப்பது இதயம்தான்.

வெளிநோயாளியாக, மெதுவாக வந்த தொந்தரவோடு போனால் பிஎன்பி 35, என்டி-ப்ரோபிஎன்பி 125 பிகோகிராம்/மிலி இவற்றுக்குக் கீழே இருந்தால் இதயச் செயலிழப்புக்கு வாய்ப்பு குறைவு. திடீர் மூச்சுத் திணறலோடு அவசரப் பிரிவுக்குப் போனால் விலக்கும் எல்லை வேறு: பிஎன்பி 100, என்டி-ப்ரோபிஎன்பி 300. அங்கே நோயை உறுதிப்படுத்த என்டி-ப்ரோபிஎன்பிக்கு வயதுக் கணக்கு உண்டு. 50 வயதுக்குள் 450-க்கு மேல், 50 முதல் 75 வரை 900-க்கு மேல், 75-ஐத் தாண்டினால் 1800-க்கு மேல். ஆகவே என்டி-ப்ரோபிஎன்பி 600 என்பது திடீர்த் திணறலோடு வந்த 40 வயதுக்காரருக்கு ஒரு பொருள், 80 வயதுக்காரருக்கு வேறொரு பொருள்.

இது விலக்குவதற்கு நல்ல பரிசோதனை, உறுதிப்படுத்த அவ்வளவு நல்லதல்ல. வயது, சிறுநீரகக் கோளாறு, ஒழுங்கற்ற மேலறைத் துடிப்பு, நுரையீரல் இரத்தக்கட்டி, கடும் தொற்று எல்லாம் எண்ணை ஏற்றும். உடல் பருமன் எண்ணை இறக்கும். பருமனான நோயாளிக்கு நோய் இருந்தும் எல்லைக்குக் கீழே வருவது ஆபத்தான பொறி. இதயச் செயலிழப்புக்குத் தரும் சக்குபிட்ரில்-வல்சார்டன் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குப் பிஎன்பி செயற்கையாக ஏறும், அவர்களுக்கு என்டி-ப்ரோபிஎன்பிதான் பார்க்க வேண்டும். அடுத்தடுத்த முறை ஒப்பிட வேண்டுமென்றால் அதே வகைப் பரிசோதனையைச் செய்யுங்கள்.

ஈசிஜி நார்மல் என்றார்கள். அதோடு விட்டுவிடலாமா?

முற்றிலும் நார்மலான ஈசிஜி இருந்தால் இதயச் செயலிழப்புக்கு வாய்ப்பு குறைகிறது, பூஜ்ஜியம் ஆவதில்லை. ஈசிஜியின் வேலை காரணத்தைக் காட்டுவது. பழைய மாரடைப்பின் தழும்பு, ஒழுங்கற்ற துடிப்பு, இடது கிளைத் தடை (இடது கீழறைக்கு மின்தூண்டல் போகும் வழியில் தடை) போன்றவை அதில் தெரியும். கீழறைகளின் மின்தூண்டலைக் காட்டும் கியூஆர்எஸ் அலையின் அகலம் 150 மில்லி விநாடியைத் தாண்டினால் பின்னாளில் சிறப்புப் பேஸ்மேக்கர் பற்றிய பேச்சு வரும் என்பதால் அந்த எண்ணைக் குறித்து வையுங்கள்.

எக்ஸ்ரேயில் "இதயம் பெரிதாக இருக்கிறது" என்று வந்திருக்கிறது.

மார்பின் உள் அகலத்தில் இதயத்தின் அகலம் பாதிக்கு மேல் இருந்தால் அப்படி எழுதுவார்கள். நின்று, முதுகுப் பக்கமிருந்து எடுத்த படத்துக்குத்தான் அந்தக் கணக்கு. படுக்கையில் முன்பக்கமிருந்து எடுத்த படத்தில் எல்லார் இதயமும் பெரிதாகத் தெரியும். மூச்சை முழுதாக இழுக்காமல் எடுத்தாலும் அப்படியே. மேல்பகுதி இரத்தக்குழாய்கள் பருத்திருப்பது, ஓரங்களில் மெல்லிய கிடைக்கோடுகள், நுரையீரல் உறையில் நீர் இவை கூடுதல் சான்று. திடீர் இதயச் செயலிழப்பிலும் சிலருக்கு எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும். இப்போது அவசரப் பிரிவில் நுரையீரலுக்கே ஸ்கேன் கருவியை வைத்து நீர்க்கோடுகளை எண்ணிப் பார்க்கிறார்கள், எக்ஸ்ரேயைவிட அது கூர்மையானது.

எக்கோ ரிப்போர்ட்டில் எதைப் பார்க்க வேண்டும்?

எல்லாரும் முதலில் தேடுவது ஈஎஃப், பேச்சுவழக்கில் "பம்பிங்". இடது கீழறை நிரம்பியபோது இருக்கும் இரத்தத்தில் எத்தனை சதவீதம் ஒரு துடிப்பில் வெளியே போகிறது என்பது அது. 100 சதவீதம் யாருக்கும் இருக்காது. ஆண்களுக்கு 52, பெண்களுக்கு 54-க்கு மேல் இருந்தால் நார்மல் என்று எடுத்துக்கொள்கிறார்கள். 40 அல்லது அதற்குக் கீழ் என்றால் பம்பிங் குறைந்த வகை, 41 முதல் 49 வரை லேசாகக் குறைந்த வகை, 50-உம் அதற்கு மேலும் என்றால் பம்பிங் குறையாத வகை. மருந்துத் தேர்வு பெருமளவு இந்தப் பிரிவைச் சார்ந்தது.

போன மாதம் 45, இந்த மாதம் 40 என்றால் இதயம் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. ஒரே நாளில் இருவர் பார்த்தாலும் ஐந்து புள்ளி வரை மாறுவது சகஜம். கண் அளவில் சொன்னதா, அறையின் ஓரத்தை வரைந்து கொள்ளளவைக் கணக்கிடும் சிம்ப்சன் முறையில் அளந்ததா என்றும் பாருங்கள், பின்னது நம்பகமானது. துடிப்பு ஒழுங்கற்று இருந்தால் பல துடிப்புகளின் சராசரி எடுக்க வேண்டும்.

ஈஎஃப்புக்கு அடுத்த வரிகளையும் விடாதீர்கள். கீழறைச் சுவரின் தடிமன், சுவரின் ஒரு பகுதி மட்டும் அசையாமல் இருக்கிறதா, வால்வுகள் ஒழுகுகின்றனவா அல்லது குறுகியிருக்கின்றனவா, இடது மேலறை பெருத்திருக்கிறதா, நுரையீரல் தமனி அழுத்தம் எவ்வளவு. இடது மேலறையின் கொள்ளளவு உடல் பரப்புக்கு 34 மிலி/ச.மீ.க்கு மேல் இருந்தால், நாள்பட்ட அழுத்தம் அங்கே பதிவாகியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மேலறைத் துடிப்புக் கோளாறு தானாகவே மேலறையைப் பெருக்க வைக்கும்.

"கிரேடு 1 டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன்" என்ற வரியைப் படித்துவிட்டுத் தூக்கம் கெடுபவர்கள் ஏராளம். அறுபது வயதுக்கு மேல் மிகப் பலருக்கு அது இருக்கும். இதயம் சற்று மெதுவாகத் தளர்கிறது என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. தொந்தரவும் மற்ற அடையாளங்களும் இல்லாமல் அதை இதயச் செயலிழப்பு என்று சொல்வது தவறு.

பம்பிங் 60 சதவீதம். பிறகு எப்படி இதயச் செயலிழப்பு என்கிறார்கள்?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆரோக்கியமான கீழறை 120 மிலி நிரம்பி 72 மிலி அனுப்பினால் 60 சதவீதம். சுவர் தடித்து விறைத்த கீழறை 80 மிலிதான் நிரம்புகிறது, 48 மிலி அனுப்புகிறது. அதுவும் 60 சதவீதம்தான். சதவீதம் ஒன்று, உடலுக்குப் போன இரத்தம் மூன்றில் இரண்டு பங்கு. அந்த 80 மிலியை நிரப்பவும் அழுத்தத்தை ஏற்ற வேண்டியிருக்கிறது, அந்த அழுத்தம் நுரையீரலுக்குத் திரும்புகிறது. கீழறை சிறுத்துவிடாமல் வழக்கமான அளவில் இருப்பவர்களுக்கும் நடக்கும்போது மட்டும் அழுத்தம் எகிறி இதே தொந்தரவு வரும்.

இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் இந்த வகை. பெரும்பாலும் வயதானவர்கள், அதிலும் பெண்கள் அதிகம். பருமன், பல வருட இரத்த அழுத்தம், சர்க்கரை, மேலறைத் துடிப்புக் கோளாறு கூடவே இருக்கும். தவறவிடப்படுவதும் இதுதான் அதிகம். "எக்கோ நார்மல், எடையைக் குறையுங்கள்" என்று அனுப்பப்பட்டு, மறுபடி நுரையீரலில் நீரோடு திரும்புவார்கள்.

இதைச் சந்தேகிக்க 2018-இல் வந்த ஒரு புள்ளிக் கணக்கு எளிது. மேலறைத் துடிப்புக் கோளாறு இருந்தால் 3, பிஎம்ஐ 30-க்கு மேல் 2, இரத்த அழுத்தத்துக்கு இரண்டோ அதற்கு மேலோ மருந்து 1, வயது 60-க்கு மேல் 1, எக்கோவில் நுரையீரல் தமனி அழுத்தம் 35-க்கு மேல் 1, கீழறை நிரம்பும் அழுத்தத்தைக் காட்டும் இ/இ-ப்ரைம் விகிதம் 9-க்கு மேல் 1. மொத்தம் 9. காரணம் தெரியாத மூச்சு வாங்கலோடு 6 அல்லது அதற்கு மேல் வந்தால் பெரும்பாலும் இதுதான். 0, 1 வந்தால் வேறு காரணம் தேட வேண்டும்.

2 முதல் 5 வரை வருபவர்கள்தான் இழுபறி. அவர்களுக்கு சைக்கிள் மிதிக்க வைத்து எக்கோ எடுப்பார்கள். அதிலும் தீராவிட்டால் சிரை வழியாக மெல்லிய குழாயை நுரையீரல் தமனியின் கிளைவரை செலுத்தி, இடது இதயம் நிரம்பும் அழுத்தத்தை அளப்பார்கள். ஓய்வில் 15, உடற்பயிற்சியில் 25 மிமீ பாதரசம் என்ற எல்லையைத் தொட்டால் நோய் உறுதி.

இதயத்துக்கு வந்தால் தைராய்டு, இரும்புச் சத்து, சிறுநீரகம் என்று இத்தனை இரத்தப் பரிசோதனை எதற்கு?

காரணம் தேடவும், மருந்து தாங்குமா என்று பார்க்கவும். தைராய்டு கூடினாலும் குறைந்தாலும் இதயம் பலவீனமாகலாம், அதைத் திருத்தினால் மீளவும் மீளும். இரத்தசோகை தனியாகவே மூச்சு வாங்க வைக்கும். கிரியேட்டினின், சோடியம், பொட்டாசியம் தெரியாமல் மருந்தே தொடங்க முடியாது. உடலில் சேமித்த இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் 100-க்குக் கீழ் இருந்தாலோ, 100 முதல் 299 வரை இருந்து, இரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதமான டிரான்ஸ்ஃபெரினின் செறிவு 20 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தாலோ இரும்புக் குறைபாடு என்று இதய நோயாளிக்குக் கணக்கு. ஆய்வகத் தாளில் அச்சிட்டிருக்கும் வழக்கமான எல்லைக்குள் இருக்கிறது என்பதால் இதை விட்டுவிடுவார்கள்.

உறுதியான பிறகும் ஆஞ்சியோகிராம், எம்ஆர்ஐ எதற்கு?

"இதயச் செயலிழப்பு" என்று எழுதியதோடு நோய் கண்டறிதல் முடிவதில்லை. ஏன் வந்தது என்று தெரிய வேண்டும். பம்பிங் குறைந்திருந்தால் இதயக் குழாய் அடைப்பு உண்டா என்று ஆஞ்சியோகிராமோ சிடி ஸ்கேனோ காட்டும். எம்ஆர்ஐ தசையில் தழும்பு எங்கே, எந்த அமைப்பில் இருக்கிறது என்று காட்டுவதால் பழைய மாரடைப்பையும் தசை அழற்சியையும் பிரித்தறியலாம்.

எக்கோவில் சுவர் 12 மிமீ அல்லது அதற்கு மேல் தடித்திருக்கிறது, ஈசிஜியிலோ அலைகள் சிறுத்திருக்கின்றன. இந்த முரணைப் பார்த்தால் அமிலாய்டு படிவை (வடிவம் கெட்ட புரதம் இதயத் தசையில் படிவது) நினைக்க வேண்டும். சில வருடம் முன்பு இரண்டு மணிக்கட்டிலும் நரம்பு அழுத்தத்துக்கு அறுவை சிகிச்சை நடந்தது என்றால் சந்தேகம் கூடுகிறது. அதைச் சொல்ல யாருக்கும் தோன்றாது, கேட்டால்தான் வரும். இரத்தம், சிறுநீரில் சில புரதங்களையும், தனி வகை எலும்பு ஸ்கேனையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஸ்கேனை மட்டும் பார்த்தால் அமிலாய்டின் வகையைத் தவறாக முடிவு செய்துவிடலாம்.

ஆஸ்துமா என்று சொல்லி இன்ஹேலர் தந்தார்கள். இப்போது இதயம் என்கிறார்கள். எது சரி?

நுரையீரலில் நீர் கோர்த்தால் மூச்சுக்குழல் சுவரும் வீங்கி விசில் சத்தம் வரும், வெளியிலிருந்து கேட்டால் ஆஸ்துமா போலவே இருக்கும். சிறு வயதிலிருந்து இல்லாத "ஆஸ்துமா" அறுபதில் முதன்முதலாக, அதுவும் படுத்தால் கூடும் விதத்தில் வந்தால் பிஎன்பியும் எக்கோவும் பார்த்துவிடுவது நல்லது. புகைபிடித்தவர்களுக்கு இரண்டும் சேர்ந்தே இருப்பது சகஜம்.

கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அடையாளம் வேறா?

கர்ப்பத்தின் கடைசி மாதத்திலிருந்து பிரசவத்துக்குப் பிந்தைய 5 மாதங்கள் வரை, முன்பு இதய நோயே இல்லாத பெண்ணுக்கும் இதயத் தசை பலவீனமாகலாம். கால் வீக்கமும் களைப்பும் கர்ப்பத்தில் இயல்பு என்பதால்தான் இது தவறவிடப்படுகிறது. மல்லாந்து படுக்க முடியவில்லை, இரவில் திணறி எழுகிறார், பிரசவம் ஆகியும் மூச்சு மோசமாகிறது என்றால் அன்றே எக்கோ எடுக்க வேண்டும்.

கைக்குழந்தைக்குப் பால் குடிப்பதுதான் உடற்பயிற்சி. குடிக்கும்போது நெற்றி வியர்ப்பது, இடையிடையே நிறுத்தி மூச்சு வாங்குவது, நீண்ட நேரம் குடித்தும் எடை ஏறாதது ஆகியவற்றைப் பார்த்தால் குழந்தை மருத்துவரிடம் சொல்லுங்கள். கால் வீக்கத்தைக் குழந்தையிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

ஃபைலில் "என்ஒய்எச்ஏ 2, ஸ்டேஜ் சி" என்று எழுதியிருக்கிறது. மோசமா?

முதலாவது (என்ஒய்எச்ஏ, நியூயார்க் இதயச் சங்கத்தின் வகைப்பாடு), இன்றைய தொந்தரவின் அளவு. 1 என்றால் வழக்கமான வேலையில் தொந்தரவில்லை, 2 என்றால் வழக்கமான வேலையில் சற்றே, 3 என்றால் சிறு வேலையிலேயே, 4 என்றால் சும்மா இருந்தாலும். சிகிச்சையில் இது 3-லிருந்து 1-க்கு இறங்கலாம். இரண்டாவது, நோயின் கட்டம்: ஏ என்றால் ஆபத்துக் காரணிகள் மட்டும், பி என்றால் இதயத்தில் மாற்றம் உண்டு ஆனால் தொந்தரவில்லை, சி என்றால் தொந்தரவு வந்துவிட்டது, டி என்றால் முற்றிய நிலை. தொந்தரவு ஒருமுறை வந்துவிட்டால், பிறகு எவ்வளவு நன்றாக இருந்தாலும் சி-யிலிருந்து பி-க்குத் திரும்ப எழுதமாட்டார்கள்.

முதல்முறை டாக்டரைப் பார்க்கும்போது எதைக் கொண்டுபோக வேண்டும்?

இரண்டு வார எடைக் குறிப்பு. காலை, மாலை இரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும். சாப்பிடும் எல்லா மாத்திரைகளும் அட்டையோடு, தானாக வாங்கிய வலி மாத்திரையும் சேர்த்து. பழைய ஈசிஜி, எக்கோ ரிப்போர்ட். பழைய ஈசிஜி பலருக்குக் குப்பையாகப் போய்விடுகிறது. இடது கிளைத் தடை புதிதா பழையதா என்பதை அது ஒன்றுதான் சொல்லும். குடும்பத்தில் இளம் வயதில் திடீர் மரணம், பேஸ்மேக்கர், இதய மாற்று இருந்தால் சொல்லுங்கள். புற்றுநோய்க்கு முன்பு மருந்தேற்றியிருந்தால், பத்து வருடம் ஆகியிருந்தாலும், மருந்தின் பெயரைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள்.

மருந்தில் பம்பிங் 30-லிருந்து 48-க்கு ஏறிவிட்டது. நோய் போய்விட்டதா? எக்கோ மறுபடி எப்போது?

40 அல்லது அதற்குக் கீழ் இருந்த ஈஎஃப் குறைந்தது 10 புள்ளி ஏறி 40-ஐத் தாண்டினால் "முன்னேறிய வகை" என்று தனியே பெயரிடுகிறார்கள், குணமான வகை என்று அல்ல. இப்படித் தேறியவர்களில் மருந்தை நிறுத்தியவர்கள் பலருக்கு ஆறு மாதத்துக்குள் மறுபடி இறங்கியதை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். ஆகவே எண் ஏறினாலும் மாத்திரை தொடரும்.

மருந்துகள் முழு அளவுக்கு வந்தபின் மூன்று மாதமாவது கழித்து எக்கோ எடுக்கிறார்கள். ஈஎஃப் 35 அல்லது அதற்குக் கீழேயே நின்றால் திடீர் மரணத்தைத் தடுக்கும் ஐசிடி கருவி வேண்டுமா என்ற முடிவு அந்த ரிப்போர்ட்டை வைத்துத்தான். அதற்குமுன் மாதாமாதம் எக்கோ எடுப்பதால் பயனில்லை. தொந்தரவு திடீரென மாறினால் மட்டும், மாதக் கணக்குப் பார்க்காமல் உடனே எடுக்க வேண்டும்.